ஏழாம் சுற்றோடு நிறுத்தினேன்

அக். 9, புதன்

காலையிலிருந்து மூட்டம். மழை வரும்போல இருந்து வரவில்லை. கரண்ட் மட்டும் இரண்டு முறை போய் வந்தது. ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டது, நல்ல வேளை.

இன்று முடித்தவை:
- ஏழாம் சுற்று வெட்டு, கடைசி ரேக்.
- அகார் காய்ச்சி ஊற்றியது.
- ஏ.சி. ஃபில்டர் கழுவியது.
- இடது ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டது (திட்டத்தில் இல்லை).

பிளேடு புதுசு. குருத்தின் அடி வழுக்கிவிட்டது. எதிர் மேசையில் வெட்டிக்கொண்டிருந்த மணி எழுந்து ஓடி வந்தாள். "அக்கா, கையக் காட்டுங்க, ஆழமாப் போயிருச்சுங்களா?" ஆழம்தான். தையல் வேண்டாம் என்று நானே முடிவு செய்து இறுக்கிக் கட்டிவிட்டேன். பழைய லேப்களையும் சேர்த்து இத்தனை வருட வெட்டில் விரல் விட்டுப் போனது அபூர்வம். என் கையை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது என்பார் வீட்டுக்காரர். வேறு யார் மெச்சுவார்கள், பாட்டிலா வாய் திறந்து பேசும்?

மதியம் மீட்டர் பார்க்க வந்தவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மேல ஊறுகா கம்பெனி போட்டுட்டீங்களா?" என்றார். ரேக் நிறையப் பாட்டில் இருந்தால் அப்படித்தான் தோன்றும்போல. வாழைங்க என்றேன். நம்பவில்லை. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்ததால் நேரம் இருந்தது, சொல்லிக் கொடுத்தேன். ஒரு பக்கக்கன்றின் நடுக்குருத்தை, சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சீவி எடுத்து, சர்க்கரையும் உப்பும் வளர்ச்சி மருந்தும் கலந்த அகாரில், அதாவது கடற்பாசிக் கூழில், வைப்போம். செல் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், மாதம் முடிவதற்குள் குருத்து கொத்தாகிவிடும். கொத்தைப் பிரித்துப் புதுப் பாட்டில்களில் வைத்தால் அது ஒரு சுற்று. இப்போது ஏழாவது நடக்கிறது.

"அப்ப இத்தன பாட்டலும் ஒரே மரங்களா?"

"ஒரே மரந்தானுங்க."

அவர் சீட்டை எழுதாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழைக்கு விதை இல்லை, அப்பா அம்மா இல்லை. ஒரே உடம்பு வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அதில் ஒரு துண்டு என் ரேக்கில்.

அந்த ஒரே மரம் எது என்பதையும் எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது வேறு கதை சொல்வார்கள். முதலாளி சின்னச்சாமி அண்ணனுக்கு உடுமலைப் பக்கம் தோப்பு. வாடல் நோய் ஒரு வரிசை நேந்திரனை அப்படியே சாய்த்தபோது நடுவில் ஒன்று மட்டும் நின்றது. அதன் பக்கக்கன்றுகளை நானே போய்த் தோண்டி எடுத்து வந்தேன். அதுவரை வெளியில் வாங்கிய கன்றை வளர்த்து விற்பதுதான் எங்கள் வேலை. முதல் செல்லிலிருந்து நாங்களே பெருக்கியது இதுதான் முதல் தடவை. இது பிழைத்தால்தான் இந்த மேல் மாடிக்கு லேப் என்று பெயர். இல்லாவிட்டால் வெறும் மாடி.

அக். 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. கீழே அண்ணனின் பம்ப் ஒர்க் ஷாப்பில் காலையிலிருந்து மண்ணெண்ணெய் வாசனை. லேத், டிரில்லிங் மிஷின், வைஸ் எல்லாவற்றையும் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். வருடம் முழுக்க வேலை செய்ததை ஒரே நாளில் மிஷினிடம் ஒப்புக்கொள்ளும் ஊர் இது. எனக்குப் பிடித்த பண்டிகை.

மாலை அண்ணன் மேலே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று, "அம்மணி, நாளைக்கு இங்கயும் உள்ள வந்து ஒரு சூடம் காட்டிப்போடலாமுங்களா? கீழ செஞ்சுட்டு மேல வுட்டா நல்லா இருக்காதுங்க" என்றார்.

சங்கடம். வளர்ப்பறைக்குள் பூ, பொரி, பழம், புகை எதுவுமே கூடாது. ஒவ்வொன்றிலும் பூஞ்சாண் வித்து கோடி இருக்கும். வேறு யாராவது இதைச் சொன்னால் லேப் விதி. ரெஜினா என்கிற நான் சொன்னால், கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு சொன்னால், அது வேறு மாதிரிக் கேட்கும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, மாதா படத்தக்கூட நான் உள்ள வெக்கலீங்க. எந்தச் சாமியும் உள்ள வேண்டாங்க. வெளிய வெச்சுக் கும்பிட்டா நானும் கூட நிக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். "அட, நீங்க சொன்னாச் செரிங்க. வாசப்படியோட நிறுத்திக்கறோம்."

நல்ல மனிதர். நான் பயந்ததை நினைத்தால் எனக்கே வெட்கம்.

நாளை மதியத்திலிருந்து ஞாயிறு வரை விடுமுறை. மணி வீடு பக்கம்தான், அடுத்த தெரு. சாவியை அவளிடம் கொடுத்தேன், ஏ.சி.யும் லைட்டும் ஓடுகிறதா என்று தினம் ஒருமுறை பார்க்க.

அக். 11, வெள்ளி

பூஜைக்கு நின்றேன். லேத்துக்கு மாலை. ஸ்பேனருக்கெல்லாம் வரிசையாகச் சந்தனப் பொட்டு. எங்கள் வாசலிலும் ஒரு தட்டு, ஒரு சூடம், அவ்வளவுதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொரியும் கடலையும் பை நிறைய. வீட்டுக்காரரோடு கருமத்தம்பட்டி, நாத்தனார் வீடு. இரண்டு நாள் பாட்டிலை நினைக்கக் கூடாது.

அக். 12, சனி

நினைத்தேன்.

அக். 14, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை வளர்ப்பறைக் கதவைத் திறந்தேன். ஒவ்வொரு பாட்டிலின் மூடி மேலும் ஒரு பொட்டு. சந்தனம், நடுவில் குங்குமம். ரேக் ரேக்காக, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை. ஒன்றுகூட விடுபடவில்லை.

பின்னாலேயே மணி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாக்கா? சனிக்கெழம ஏ.சி. பாக்க வந்தனுங்கல்ல, அப்ப வெச்சதுங்க. கீழ ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு வெச்சிருக்காங்க. நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் ஏனுங்கக்கா இல்லாமப் போவோணும்?"

"மணி..."

"ஒண்ணையும் தொறக்கலீங்க்கா. மூடி மேலதான். மாஸ்க்கு போட்டு, கைக்கு ஸ்பிரிட்டு தேச்சுப்போட்டுத்தான் வெச்சேன்."

அங்கேதான் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கையை ஸ்பிரிட்டில் கழுவி, சுத்தமான அந்த விரலை ஈரச் சந்தனத்தில் முக்கி, பாட்டில் பாட்டிலாக! நான் கற்றுக்கொடுத்த விதிகளில் ஒன்றைக்கூட அவள் மீறவில்லை. கதவுக்குள் சாமி வேண்டாம் என்று நான் அண்ணனிடம் சொன்னேனே தவிர மணியிடம் சொல்லவில்லை. அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பொட்டின் மேல் ஏற்கெனவே பச்சை படிந்திருந்தது. ஈரம், வெதுவெதுப்பு, பூஞ்சாணுக்கு விருந்து. மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பாட்டில் மூச்சுவிட ஒரு நூல் இடைவெளி இருக்கும். அது போதும்.

பகல் முழுக்க மூடி மூடியாக ஸ்பிரிட்டில் துடைத்தோம். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று துடைப்பதிலேயே கண்ணாக இருந்தேன். இனிக் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை.

அக். 18, வெள்ளி

மழை. நல்ல மழை. ரசிக்க மனசில்லை.

வந்துவிட்டது. பாட்டிலுக்குள் வெள்ளைப் பஞ்சு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கெட்டதை அப்படியே கொட்ட முடியாது, மூடியோடு குக்கரில் ஏற்றி வேகவைத்து, பூஞ்சாணைக் கொன்ற பிறகுதான் குப்பை. ஏழு சுற்று வளர்த்த பிள்ளைகளை நானே வேகவைத்தேன். கஞ்சி வாசனை.

மணி மூலையில் நின்று அழுதாள். "அழுது மாஸ்க்க நனைக்காத கண்ணு, நனைஞ்சா அதுவும் வேஸ்ட்டு" என்றேன். கடுமையாகச் சொன்னதாக நினைத்தேன், அவள் இன்னும் அதிகமாக அழுதாள். எனக்கும் கண்ணாடி மங்கியது.

அண்ணனிடம், என் ரூம், என் பொறுப்பு என்று மட்டும் சொன்னேன். நான் கீழே இறங்குவதற்குள் மணியே போய், "நான்தானுங்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டாளாம். அவர் அவளைத் திட்டவில்லை. சந்தனம் கெடுக்கும் என்று அவருக்கே நம்ப முடியவில்லை. "சந்தனமுங்களா?" என்று மூன்று தடவை கேட்டார்.

மிச்சம் இருப்பது சுத்தம். தினம் இரண்டு முறை லைட்டில் பிடித்துப் பார்க்கிறேன்.

அக். 19, சனி

இன்று சண்டை. சண்டை என்றால் கொங்கு நாட்டுச் சண்டை. யாரும் குரலை உயர்த்தவில்லை. அண்ணனுக்குக் கோபம் ஏற ஏற 'ங்க' கூடும்.

தோப்பைச் சுற்றி இருக்கும் விவசாயிகளுக்கெல்லாம், தையில் கன்று தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது இருப்பது பற்றாது.

"அம்மணி, இன்னும் ரெண்டே ரெண்டு சுத்து வெட்டிப்போடுங்க. போனது திரும்பி வந்துருமுங்கல்ல?"

"வேண்டாங்க அண்ணா. ஏழோட நிறுத்தி வேருக்கு மாத்தோணும்."

"ஏனுங்க? அதே வாழ, அதே பாட்டலு. ஏழு மட்டும் பெருகுனது ஒம்பதுல பெருகாதுங்களா?"

"பெருகுமுங்க. நல்லாவே பெருகும். அதுதானுங்க பயம்."

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்ன விதமும் சரியில்லை. புத்தகத்தில் இருப்பதுபோல் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"அப்படீங்களா. செரிங்க. நீங்க படிச்சவங்க. நாங்க லேத்து ஓட்டறவங்க. சொன்ன சொல்லு போனா எங்களுக்குத்தானுங்க போவும்." ஒரு நிமிடம் கழித்து: "கீழ மோட்டாரு வைண்டிங் செக்சனுக்கு எடம் பத்தலீன்னு கேட்டுட்டே இருக்காங்க. மேல் மாடிய அவங்களுக்கே குடுத்துப்போடலாமுங்க. திங்கக்கெழம சொல்லுங்க."

எத்தனை 'ங்க'. எண்ணியிருந்தால் மயக்கம் வந்திருக்கும்.

மணியிடம் சொல்லவில்லை.

அக். 20, ஞாயிறு

காலைப் பூசை. பாடற்குழுவில் இரண்டாவது பாட்டில் தப்பான இடத்தில் ஆரம்பித்துவிட்டேன், ஃபாதர் திரும்பிப் பார்த்தார். மட்டன் எடுத்தது. இஞ்சி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆரோக்கியராஜ் ஒரு கம்பெனியில் டர்னர், முதலாளிமாரை இருபது வருடம் பார்த்தவர். "ரெண்டு சுத்துதானே ரெஜி, வெட்டிக் குடுத்துப்போட்டு நீ பாட்டுக்கு இரு. வீம்பு புடிச்சா வேலதான் போவும்."

வீம்பா? மதியம் முழுக்க அதைத்தான் யோசித்தேன். எனக்கு வீம்பு உண்டு. இல்லை என்று இந்த நோட்டில்கூடச் சொல்ல மாட்டேன். ஆனால் இது அது இல்லை.

சாயங்காலம் குளித்துவிட்டு விரல் கட்டை அவிழ்த்தேன். புண் மூடிவிட்டது. இளஞ்சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டின இரண்டு கரையிலும் செல்கள் பிரிந்து பிரிந்து நடுவை நோக்கி வந்திருக்கின்றன. நடுவில் ஒன்றை ஒன்று தொட்டதும் நின்றுவிட்டன. வேலை முடிந்த பிறகும் பிரிந்துகொண்டே இருந்தால் இங்கே ஒரு கட்டி நின்றிருக்கும். யாரும் போய் நிறுத்தச் சொல்லவில்லை. 'போதும்' என்பது செல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிரிவதற்கு முன்னால் தன் மரபு நூலைப் படி எடுத்து, படி சரியா என்று பார்த்து, தப்பு இருந்தால் நின்று திருத்தி, திருத்தவே முடியாவிட்டால் தன்னையே முடித்துக்கொள்ளும் செல். இவ்வளவு ஒழுக்கம் மனிதர்களில் நான் பார்த்ததில்லை.

பாட்டிலில் என்ன செய்கிறோம்? மருந்தை ஊற்றி, 'இன்னும், இன்னும்' என்று மாதாமாதம் விரட்டுகிறோம். கொஞ்ச சுற்றுக்கு அது தாங்கும். விரட்ட விரட்ட, சரிபார்க்காமல் ஒன்று இரண்டு நழுவும். பாட்டிலில் பார்த்தால் தெரியாது, பச்சையாக அழகாகத்தான் இருக்கும். தோப்பில் போய் நிற்கும்போது தெரியும். அதற்குள் ஒரு வருடம் விவசாயிக்குப் போய்விடும்.

இதைத்தான் நாளை சொல்ல வேண்டும். புத்தகம் வேண்டாம். விரல் போதும்.

இருபது வருட வேலை என்னுடையது. பெருக்குவது பெரிய வித்தை இல்லை. மருந்தின் அளவு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பெருக்கலாம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள் நான். மாடி போனாலும் ஏழுதான்.

அக். 21, திங்கள்

அண்ணனை மேலே கூப்பிட்டேன். வந்தார். முகத்தில் ஈரமில்லை.

முதலில் மைக்ராஸ்கோப். காலையிலேயே ஒரு வேர் நுனியைச் சாயம் போட்டு நசுக்கி வைத்திருந்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"செங்கல் கட்டுனாப்புல இருக்குதுங்க."

"ஒவ்வொரு செங்கல்லும் ஒரு செல்லுங்க. உள்ள நூலாட்டம் தெரியுதுங்களா?"

"நடுவுல குமிஞ்சு கெடக்குது. பக்கத்துல ஒண்ணு ரெண்டு பக்கமும் இழுத்துட்டுப் போவுது."

"அதேதானுங்க. அந்த எடத்துலதான் ஒண்ணு ரெண்டாவுது."

அவர் தலையை எடுக்கவே இல்லை. டீ ஆறிப்போனது. பிறகு விரலைக் காட்டினேன். வெட்டினது, மூடினது, தொட்டதும் நின்றது, நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்கும், பாட்டிலில் நாங்கள் என்ன செய்கிறோம், எல்லாம் சொன்னேன். நேற்று யோசித்து வைத்த வரிசையில் வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது.

அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். சின்ன வயதில் பிரஸ்ஸில் மாட்டி மோதிர விரலின் நுனி போயிருக்கிறது, நகம் கிடையாது. "என்ற வெரலுக்கு நிறுத்தத் தெரிஞ்சிருக்குதுங்க. வளரத்தான் தெரியல" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

சிரிப்பு முடிந்ததும் அவர் முகம் மாறியது.

"அம்மணி, நீங்க இங்க வாரதுக்கு முந்தி வெளிய கன்னு வாங்கி நட்டமுங்க. அதுல கொஞ்சம் குட்டையாவே நின்னுபோச்சு. எல வந்து புல்லாட்டம் நீட்டமா. ஒண்ணுகூடக் கொல தள்ளல. மண்ணுலதான் குத்தம்னு வண்டி வண்டியா எருவக் கொட்டுனனுங்க. எங்கப்பாரு சாவற வரைக்கும் அந்த மண்ணத் திட்டிட்டேதான் இருந்தாரு."

அது எத்தனை சுற்று வெட்டிய கன்று என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். ஆனால் அவர் சொன்ன அடையாளம், அளவு மீறிப் பெருக்கினால் வரும் அடையாளம்.

"மண்ணு மேல தப்பில்லீங்களா அப்ப?"

"இருக்காதுங்க அண்ணா."

எழுந்துவிட்டார். கதவருகே நின்று, "இப்ப இருக்கறத வெச்சு எத்தன பேருக்குக் குடுக்கலாமுங்க?" என்று கேட்டார். பாதிப் பேருக்குப் பற்றும் என்றேன். அப்படியே படியிறங்கிவிட்டார். மாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக். 23, புதன்

காலை பத்து மணிக்கு வைண்டிங் செக்‌ஷன் செல்வராஜ் டேப்போடு மேலே வந்து அறையை அளந்தார். வாசல் அகலம், வராந்தா நீளம், சுவர் உயரம். "அண்ணன் அளக்கச் சொன்னாருங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி. புரிந்தது.

மணியிடம் இப்போதுதான் சொன்னேன். "என்னாலதானுங்கக்கா" என்று ஆரம்பித்தாள். இல்லை என்றேன். பொட்டால் போனது மூன்றில் ஒரு பங்கு, மாடி போவதற்கு நான்தான் காரணம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை என்றேன். நிமிர்ந்துதான் சொன்னேன். அவள் போன பிறகு ரேக் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன்.

பிறகு எப்போதும்போல் வேலை. வேர் பிடிக்கும் அகார் காய்ச்சினோம். மாடி என்று காலி செய்யச் சொல்கிறார்களோ, அதுவரை பிள்ளைகளுக்கு வேர் விட வேண்டும்.

அக். 25, வெள்ளி

தச்சர் வந்தார். வராந்தாவில் மரச்சட்டம் நிறுத்துகிறார். வைண்டிங்குக்கு எதற்கு மரச்சட்டம் என்று கேட்டேன்.

"வைண்டிங்கா? எனக்குத் தெரியாதுங்க. ரெண்டாவது கதவு ஒண்ணு போடச் சொன்னாருங்க. ஒண்ணச் சாத்துனாத்தான் இன்னொண்ணத் தொறக்கறாப்புல. நடுவுல செருப்பு மாத்த, கை கழுவ எடம். அப்பறம் வெளிச்செவுத்துல ஒரு மாடம், வெளக்கு வெக்கறாப்புல."

செல்வராஜ் அளந்தது அதற்குத்தானாம். என் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் அவருக்குப் பல்வலி.

கீழே ஓடினேன். அண்ணன் ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நிமிராமல், "வருசா வருசம் ஆயுத பூஜ வருமுங்க அம்மணி. சாமிக்கும் ஒரு எடம் வேணும், செல்லுக்கும் ஒரு எடம் வேணும். ஏழோடயே நிறுத்திக்கோங்க. நான் வாக்குக் குடுத்தவங்ககிட்ட நானே போய்ப் பேசிக்கறேன்" என்றார்.

நன்றி சொல்லத்தான் நினைத்தேன். "டீ சொல்லட்டுங்களா அண்ணா?" என்றேன். பெரிய பேச்சாளி நான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீம்பு ஜெயிச்சிருச்சா என்றார். வீம்பில்லை என்றேன். இஞ்சி இன்றும் மறந்துவிட்டேன்.

நவ. 28, வியாழன்

குளிர ஆரம்பித்துவிட்டது. காலையில் அடைமழை.

வேர்! வெள்ளை வெளேரென்று. பாட்டிலைத் தலைக்கு மேல் பிடித்து அடியிலிருந்து பார்த்தால் நூல் நூலாக இறங்கியிருக்கிறது. அகாரைக் கழுவி எடுத்து, தென்னைநார்த் தூள் நிரப்பிய டிரேக்களில் முதல் கன்றுகளை நட்டோம். மணி ஒவ்வொன்றையும் தொட்டு வைத்தாள், பேசிக்கொண்டே. "பொறந்ததுல இருந்து ஏ.சி.லயே இருந்தீங்க, இனிமேத்தான் தெரியும் வெயிலு."

ஜன. 17, வெள்ளி

பொங்கல் லீவு முடிந்து முதல் நாள். பச்சை வலைக்குக் கீழே பைகளில் கன்றுகள், முழங்கால் உயரத்துக்கு வருகின்றன.

ஒவ்வொன்றாகச் சோதித்தேன். உயரம், இலை அகலம், நிறம். இரண்டில் இலை ஒடுங்கிப் புல்போல் நீண்டிருந்தது. ஏழிலேயே இரண்டு. அண்ணனைக் கூப்பிட்டு அவர் கண் முன்னால் பிடுங்கினேன். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்திருக்கும். அவர் அந்த இலையை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். "இதேதானுங்க. எங்கப்பாரு திட்டுனது இதத்தான்." சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மற்றது அத்தனையும் தாயைப்போல. அப்படியே தாயைப்போல.

பிப். 5, புதன்

நல்ல வெயில், காற்று. வளர்பிறை பார்த்து அண்ணன் குறித்த நாள். நானும் மணியும் டெம்போவில் கன்றுகளோடு உடுமலை. மணி வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள், கன்று குதித்து ஓடிவிடும்போல.

வழியில் ஒவ்வொரு தோட்டமாக நின்று இறக்கினோம். அண்ணன் வாக்குக் கொடுத்திருந்த அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு பங்கு வந்தது. பாதிப் பேருக்குத்தானே பற்றும் என்று கணக்குச் சொன்னேன், எப்படி என்று எனக்குக் குழப்பம். அவர் தோப்புக்குப் போனபோதுதான் தெரிந்தது. கேட்டவர்களை எல்லாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தனக்கு என்று வைத்திருந்த ஏக்கரை அப்படியே விட்டுக்கொடுத்திருக்கிறார். அவருக்கு மிச்சம் ஒரே வரிசை. வாடல் வந்து சாய்ந்த அதே வரிசை.

"மண்ணத் திட்டுன எடம் பக்கத்துலதானுங்க. இங்கயே நடலாம்" என்றார்.

குழி தயாராக இருந்தது. தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் கன்றைப் பார்த்து, "எந்தக் கம்பெனிக் கன்னுங்க?" என்று கேட்டார். அண்ணன் என்னைக் கை காட்டி, "நம்ம அம்மணி கன்னுங்க. கொஞ்சந்தான் குடுப்பாங்க. கேட்டாலும் கூடக் குடுக்க மாட்டாங்க" என்றார். என் காது சூடானது. இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

முதல் கன்றை நான்தான் வைக்க வேண்டும் என்றார்கள். பையைக் கிழித்து, வேர் கலையாமல் இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தேன். புடவை முழுக்கச் சேறு.

நிமிர்ந்தால் மணி கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். என்னடி என்றேன். பையைத் திறந்து காட்டினாள். சின்ன எவர்சில்வர் கிண்ணம், மூடி போட்டு. உள்ளே குழைத்த சந்தனம்.

"வெக்கலீங்க்கா. சும்மா கொண்டாந்தேன். வேண்டாமுன்னா வேண்டாங்க."

"இது மண்ணு மணி. இனி எல்லாம் அதுகளே பாத்துக்கும். வெய்யி."

"நீங்க வெய்ங்க்கா."

வெட்டுப்பட்ட அதே விரல். கோடு இப்போது தேடினால்தான் தெரிகிறது. முக்கி எடுத்து, கன்றின் தண்டில் ஒரு பொட்டு வைத்தேன். மணி குங்குமம் வைத்தாள். அண்ணன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஈரச் சந்தனம் கொஞ்சம் வழிந்து கீழே இறங்கியது. துடைக்கவில்லை.